யாரோடு என்று அவள் கேட்டாளே!

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் ஒதெல்லோவும் அவன் மனைவி டெஸ்டிமோனாவும் தனியாக இருப்பதை நாம் மேடையில் முதன்முதலாகப் பார்ப்பது நான்காம் அங்கத்தில்தான். அதுவரை அவர்களைச் சுற்றி யாராவது நின்றுகொண்டே இருக்கிறார்கள். முதல் அங்கத்தில் வெனிஸ் ஆட்சிமன்றத்துப் பெரிய மனிதர்கள். இரண்டாவதில் சைப்ரஸ் துறைமுகத்துக் கூட்டம், அப்புறம் குடித்துவிட்டு வாளை உருவும் அதிகாரிகள். மூன்றாவதில் தோழி எமிலியா. நான்காவதில் ஒருவழியாக ஒதெல்லோ எமிலியாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்கிறான். அப்பாடா, இப்போதாவது புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று பார்த்தால், அவளை வேசி என்று திட்டுவதற்குத்தான் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறான்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். எங்கள் பாடத்திட்டத்தில் ஷேக்ஸ்பியரின் இந்த நாடகம் வராத வருஷம் குறைவு. பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். மூலத்தின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே மிரண்டுபோய்க் கடையில் நோட்ஸ் வாங்கிவிடுவார்கள். எந்த நோட்ஸைப் புரட்டினாலும் ஒரே பதில்: ஒதெல்லோவின் குறை பொறாமை, டெஸ்டிமோனாவின் குறை வெகுளித்தனம், இயாகோ கெட்டவன். விடைத்தாளில் இதையே பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. தப்பு என்றும் சொல்ல முடியாது, மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதிலைப் படித்தால், அவன் உடம்பில் பொறாமை என்று ஒரு கட்டி இருந்தது, அதை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும் என்பது போலத் தோன்றும். நாடகத்தில் அப்படித் தனியாக ஒரு கட்டி கிடையாது. அவனை நல்ல தளபதியாக்கிய குணமே வீட்டுக்குள் அவன் கண்ணைக் கட்டுகிறது. அவளை அப்பா வீட்டிலிருந்து துணிந்து வெளியேற வைத்த குணமே அவள் கண்ணையும் கட்டுகிறது.

கதை மறந்தவர்களுக்காக நாலு வரி. ஒதெல்லோ வெனிஸ் நகர அரசின் படைத் தளபதி. அந்த ஊர்க்காரர்கள் மூர் என்று அழைக்கும் கறுப்பினத்தவன், நடு வயதைத் தாண்டியவன். டெஸ்டிமோனா பிராபான்ஷியோ என்ற ஆட்சிமன்ற உறுப்பினரின் ஒரே மகள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம். துணைத் தளபதி பதவியைத் தனக்குத் தராமல் காசியோவுக்குத் தந்துவிட்டான் என்று அவன் படையின் கொடியதிகாரி இயாகோவுக்குத் தளபதி மேல் வயிற்றெரிச்சல். துருக்கியர் சைப்ரஸ் மேல் படையெடுத்து வருகிறார்கள் என்று எல்லோரும் கப்பலேறுகிறார்கள். புயலில் துருக்கிக் கப்பல்கள் நாசமாகிவிட, போரே இல்லாமல் போகிறது. சண்டை போட வந்தவனுக்குச் சண்டை இல்லை. அந்த நேரம் பார்த்து இயாகோ அவன் காதில் ஓதுகிறான். 1604 நவம்பர் 1ஆம் தேதி லண்டன் வைட்ஹால் அரண்மனையில் நடித்ததுதான் இந்த நாடகத்துக்குக் கிடைக்கும் முதல் பதிவு. நம் ஊரில் என் அப்பா தலைமுறைக்கு ஒதெல்லோ என்றால் சிவாஜிதான். 1963இல் வந்த 'ரத்தத் திலகம்' படத்தில் அவரும் சாவித்திரியும் ஒரு ஒதெல்லோ காட்சியை நடித்திருப்பார்கள். அப்பாவுக்கு ஷேக்ஸ்பியர் தெரியாது, அந்தக் காட்சி தெரியும்.

இந்தத் தம்பதி சேர்ந்து இருந்த நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கல்யாணமான அன்று ராத்திரியே இயாகோ ஆளைக் கூட்டிக்கொண்டு போய் மாமனார் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துகிறான். மாமனார் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருகிறார். விவகாரம் ஆட்சிமன்றத்துக்குப் போகிறது. அங்கேயே, உடனே சைப்ரஸ் புறப்படு என்று உத்தரவு. உன்னோடு இருக்க எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று அவளிடம் சொல்கிறான் ஒதெல்லோ. கப்பலாவது ஒன்றா? அதுவும் இல்லை. அவன் ஒரு கப்பலில், அவள் வேறொரு கப்பலில். அவளைப் பத்திரமாக அழைத்துவரும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கிறான்? இயாகோவிடம்தான். சைப்ரஸில் முதல் ராத்திரி, காசியோவின் குடிவெறிச் சண்டையில் அபாய மணி அடித்து இருவரும் படுக்கையிலிருந்து எழுந்து வருகிறார்கள். அடுத்த ராத்திரி அவன் அவளைக் கொன்றுவிடுகிறான்.

(காலக் கணக்கில் ஷேக்ஸ்பியர் கோல்மால் செய்திருக்கிறார் என்பது பழைய புகார். ஏழு பகல் ஏழு இரவாக நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று காசியோவின் காதலி பியாங்கா அவனைக் கேட்கிறாள். வந்து ஒரு வாரமே ஆகாத ஊரில் ஏது ஏழு பகல் ஏழு இரவு? மேடையில் பார்க்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை.)

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது 1565இல் இத்தாலியில் அச்சான சிந்தியோவின் கதைத் தொகுப்பிலிருந்து. அந்த மூலக் கதையில் இருவரும் வெனிஸில் நல்லபடியாகக் குடித்தனம் நடத்திவிட்டு, ஒரே கப்பலில் சைப்ரஸ் போகிறார்கள். அந்தக் குடித்தனத்தைத்தான் ஷேக்ஸ்பியர் துடைத்து எடுத்துவிட்டார். ஒருவர் கோபம் ஒருவருக்குத் தெரியாது, ஒருவர் மௌனத்துக்கு அர்த்தம் இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் அவன் சொன்ன யுத்தக் கதைகளும், அவற்றைக் கேட்டு அவள் விட்ட பெருமூச்சும். நான் பட்ட ஆபத்துகளுக்காக அவள் என்னை விரும்பினாள், அதற்கு இரங்கியதால் நான் அவளை விரும்பினேன் என்று சபையில் அவனே சொல்கிறான். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அவன் நேசிப்பது அவளையா, அவள் கண்ணில் தெரிந்த தன்னையா?

இனி அவன் குணத்துக்கு வருவோம். பலரும் நேராக மூன்றாம் அங்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நான் வகுப்பில் அதற்கு முந்தைய ராத்திரியை நிதானமாக நடத்துவேன். காவல் பணியில் இருந்த காசியோவுக்கு இயாகோ குடிக்கக் கொடுத்து, ஆளை ஏவிவிட்டுச் சண்டை மூட்டுகிறான். சைப்ரஸின் அதிகாரி மொன்டானோவுக்குக் காயம். ஒதெல்லோ வந்து விசாரிக்கிறான். காசியோவுக்கு வெட்கத்தில் பேச்சு வரவில்லை. மொன்டானோ அடிபட்டுக் கிடக்கிறான், இயாகோவைக் கேளுங்கள் என்கிறான். இயாகோ நண்பனைக் காட்டிக்கொடுக்கத் தயங்குவது போலத் தயங்கித் தயங்கிப் போட்டுக்கொடுக்கிறான். அவ்வளவுதான். காசியோ, உன் மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் இனி நீ என் அதிகாரி இல்லை. யார் குடிக்க வைத்தது, ஓடிப்போனவன் யார், அதற்கப்புறம் ஒரு கேள்வி கிடையாது. நள்ளிரவில், போர்முனை ஊரில், மக்கள் பயந்திருக்கும்போது ஒரு தளபதி இப்படித்தான் முடிவெடுக்க வேண்டும், அதுவும் நியாயம்தான். மறுநாள் மனைவி விஷயத்திலும் அதே ஒற்றைச் சாட்சி, அதே தயக்க நடிப்பு, அதே வேகம்.

அவனே சொல்கிறான், ஒருமுறை சந்தேகம் வந்தால் அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன் என்று. பெருமையாகத்தான் சொல்கிறான். அவனால் தாங்க முடியாதது மனைவியின் துரோகம்கூட இல்லை, இரண்டுங்கெட்டான் நிலைமை. ஏழு வயதிலிருந்து கூடாரத்திலும் போர்க்களத்திலும் வாழ்ந்தவன். கண்ணால் காணும் சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். சபாஷ் என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அதெல்லாம் கண்ணால் பார்க்கிற காரியமா என்று கேட்டுவிட்டு, காசியோ தூக்கத்தில் ஏதோ உளறினான் என்று ஒரு கனவுக் கதை சொல்கிறான் இயாகோ. அப்புறம், உங்கள் மனைவியின் கைக்குட்டையால் காசியோ தாடியைத் துடைத்ததைப் பார்த்தேன் என்கிறான். அது போதுமாம். கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றவன், எதையும் பார்க்காமலே மண்டியிட்டுச் சபதம் செய்கிறான். மூன்று நாளுக்குள் காசியோ செத்தான் என்ற செய்தி வேண்டும் என்கிறான். இயாகோவுக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிடுகிறான்.

இதற்கு நடுவே தனியாக நிற்கும்போது இரண்டு மூன்று வரி பேசுவான். நான் கறுப்பு, நயமாகப் பேசத் தெரியாது, வயதும் இறங்குமுகம், ஒருவேளை அதனால்தான் போய்விட்டாளோ என்று. நாடகத்திலேயே அவன் உண்மையாகப் பேசும் இடங்களில் இது ஒன்று. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாளோ, அழுதிருப்பாளோ, இரண்டில் எது நடந்திருந்தாலும் இயாகோவின் சரக்கு விலைபோயிருக்காது. அவனோ அதைக் காற்றிடம் சொல்கிறான். வெனிஸ் பெண்களின் குணம் எனக்குத் தெரியும், அவர்கள் புருஷனிடம் மறைப்பதைக் கடவுளிடம்தான் காட்டுவார்கள் என்று இயாகோ சொல்லும்போது, வெளியூர்க்காரனான இவனுக்கு மறுக்கத் தெரியவில்லை. ஊர் வழக்கம் உள்ளூர்க்காரனுக்குத்தானே தெரியும் என்று நம்பிவிடுகிறான். இந்த இடத்தில் எனக்கு அவன் மேல் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம்.

சரி, டெஸ்டிமோனா. நோட்ஸ்காரர்கள் இவளைப் பாவம் பச்சைப்பிள்ளை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பச்சைப்பிள்ளையா? ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைவிட்டு வந்தவள். மன்றம் நிறைய ஆண்கள் நிற்க, அப்பாவின் முகத்தைப் பார்த்து, என் அம்மா தன் அப்பாவைவிட உங்களைப் பெரிதாக நினைத்தாளே, அதே கடமைதான் எனக்கும் என் கணவனிடம் என்று சொன்னவள். போர்முனைக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்துச் சாதித்தவள். அவள் வாழ்க்கையில் அதுவரை, நேராகக் கேட்டால் கிடைத்துவிடும் என்பதுதான் பாடம். கேட்டாள், கிடைத்தது.

அதே பாணியில் காசியோவின் வேலைக்காக வக்காலத்து வாங்குகிறாள். என் கணவரைத் தூங்கவிட மாட்டேன், படுக்கையைப் பள்ளிக்கூடமாக்குவேன், எதைப் பேசினாலும் உன் பேச்சைக் கலப்பேன் என்று காசியோவுக்கு வாக்குக் கொடுக்கிறாள். சொன்னபடியே செய்கிறாள். இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாமா, நாளை மதியமா, செவ்வாய் காலையா, மதியமா, ராத்திரியா, புதன் காலையா என்று அடுக்குகிறாள். இந்த இடத்தைப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். ரொம்பச் செல்லமான காட்சி. ஆனால் எதிரே நிற்பவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நீங்கள் என்னைப் பெண் கேட்டு நடந்த காலத்தில் உங்களுக்காகப் பரிந்து பேசினவராயிற்றே காசியோ என்று வேறு ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறாள். அவள் தலை மறைந்ததும் இயாகோ அங்கிருந்துதான் நூலைப் பிடிக்கிறான்: உங்கள் காதல் காசியோவுக்கு முன்பே தெரியுமா?

அவள் துணிச்சலுக்கு இன்னொரு விலையும் உண்டு. முதல் அங்கத்தில் பிராபான்ஷியோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார், கண் இருந்தால் அவளைக் கவனித்துக்கொள், அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம் என்று. அவள் நம்பிக்கைக்கு என் உயிரே பிணை என்கிறான் ஒதெல்லோ. மூன்றாம் அங்கத்தில் இயாகோ அதே வரியைத் தூசி தட்டி எடுக்கிறான்: உங்களைக் கட்டிக்கொள்ள அவள் தன் அப்பாவை ஏமாற்றினாளே. ஆமாம், ஏமாற்றினாள் என்கிறான் கணவன். யாருக்காக ஏமாற்றினாளோ அவனே சொல்கிறான்.

கைக்குட்டைக்கு வருவோம். ஒரு முறை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "கர்ச்சீப் தொலைஞ்சதுக்கா மேடம் கொலை?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். 1693இல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் இதையேதான் கேட்டார், இதற்குக் கைக்குட்டை நாடகம் என்றே பெயர் வைத்திருக்கலாமே என்று. வீட்டுப் பெண்கள் தங்கள் துணிமணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் நீதியாம். மாணவிக்கு அதைச் சொன்னதும் அவளுக்கு ஒரே பெருமை.

அந்தக் கைக்குட்டை எப்படித் தொலைகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இயாகோ ஓதிவிட்டுப் போன சூட்டில் ஒதெல்லோ நிற்கிறான். சாப்பிடக் கூப்பிட வருகிறாள் மனைவி. ஏன் குரல் கம்மியிருக்கிறது என்று கேட்கிறாள். நெற்றி வலிக்கிறது என்கிறான். அந்தக் காலத்து லண்டன் பார்வையாளர்களுக்கு உடனே புரிந்திருக்கும், மனைவி துரோகம் செய்தால் புருஷன் நெற்றியில் கொம்பு முளைக்கும் என்பது அங்கே பழக்கமான கேலி. அவளுக்குப் புரியவில்லை. ராத்திரி தூக்கம் கெட்டதால் வந்த வலி, இறுக்கிக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று தன் கைக்குட்டையை எடுத்து நெற்றியில் கட்டப் போகிறாள். ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள் பின்னிய கைக்குட்டை, அவன் கொடுத்த முதல் பரிசு. உன் துணி சின்னது என்று அவன் ஒதுக்க, அது கீழே விழுகிறது. விடு, உள்ளே போகலாம் வா என்கிறான். இருவரும் போய்விடுகிறார்கள்.

தட்டிவிட்டது அவன். விழுந்தபோது இருவர் கண்களும் அங்கேதான் இருக்கின்றன. அவள் அதை விட்டது, அவன் தலைவலி பெரிதாகத் தெரிந்ததால். சிந்தியோ கதையில் இது கிடையாது. அங்கே இயாகோவின் இடத்தில் வரும் கொடியதிகாரி தன் சின்னக் குழந்தையை அவளிடம் கொஞ்சக் கொடுத்துவிட்டு, அவள் கவனம் குழந்தை மேல் இருக்கும்போது கைக்குட்டையைத் திருடிவிடுகிறான். திருட்டை எடுத்துவிட்டுத் தலைவலியைப் போட்டார் ஷேக்ஸ்பியர். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம்.

அப்புறம் வருகிறது அந்தப் பேச்சு. அதற்குச் சற்று முன்னால் எமிலியா, உங்கள் கணவருக்குச் சந்தேகக் குணம் கிடையாதா என்று கேட்க, அவர் பிறந்த ஊர்ச் சூரியன் அதையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டது என்கிறாள் டெஸ்டிமோனா. வாயை மூடுவதற்குள் அவர் வருகிறார். எனக்குச் சளி, உன் கைக்குட்டையைக் கொடு என்கிறார். வேறொன்றை நீட்டுகிறாள். நான் கொடுத்தது எங்கே? கையில் இல்லை என்கிறாள். உடனே அது எகிப்தியச் சூனியக்காரி என் அம்மாவுக்குக் கொடுத்தது, தொலைத்தால் புருஷன் வெறுத்துவிடுவான் என்று ஒரு பெரிய கதை. (ஐந்தாம் அங்கத்தில், அது என் அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்று மாற்றிச் சொல்வான்!) அவள் பயந்துபோகிறாள். பயத்தில் தொலையவில்லை என்று பொய் சொல்கிறாள். அப்படியே பேச்சை மாற்ற, இது என் மனுவைத் தட்டிக்கழிக்கும் தந்திரம்தானே, காசியோவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். கைக்குட்டை என்கிறான் அவன். காசியோ என்கிறாள் அவள். கைக்குட்டை. காசியோ மாதிரி ஒரு ஆள் கிடைப்பாரா. கைக்குட்டை!

எங்கள் வீட்டுக்காரர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இலக்கியத்துக்கும் அவருக்கும் தூரம். ஒருநாள் இந்தக் காட்சியை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அந்த நேரத்துல அந்தம்மா காசியோ பேரை எடுத்திருக்கவே கூடாது" என்றார். அவன் கைக்குட்டைக் கதையை விட்டுவிட்டு நேரே கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்க மாட்டான். கேட்டா பதில் வந்துடுமே" என்றார். எத்தனையோ விமர்சனப் புத்தகங்கள் படித்திருக்கிறேன், இந்தப் பதில் எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை.

அவன் கோபித்துக்கொண்டு போனதும் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். வெனிஸிலிருந்து ஏதோ அரசாங்கத் தொல்லை வந்திருக்கும், அதை என் மேல் காட்டுகிறார், ஆண்கள் தெய்வங்கள் இல்லையே. இது பெருந்தன்மை மாதிரி தெரியும். எனக்கு இது பார்க்க மறுப்பது மாதிரித்தான் படுகிறது. மறுநாள் விடிந்து பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அவளுக்கு மறுநாள் இல்லை.

இங்கே ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். மனைவி மேல் சந்தேகம் வந்ததும் ஒதெல்லோ இயாகோவிடம் போகிறான். கணவன் மாறிவிட்டான் என்றதும் டெஸ்டிமோனாவும் இயாகோவிடம்தான் போகிறாள். நல்ல இயாகோ, அவர் மனதை நான் எப்படித் திரும்பப் பெறுவேன் என்று அவன் முன்னால் மண்டியிடுகிறாள். அவன் சபதம் செய்ய மண்டியிட்டபோதும் எதிரே நின்றது அந்த ஒரே ஆள்தான்.

லண்டன் நேஷனல் தியேட்டர் 2013இல் ஏட்ரியன் லெஸ்டரை வைத்துப் போட்ட தயாரிப்பின் பதிவைப் பார்த்திருக்கிறேன். சைப்ரஸை இன்றைய ராணுவ முகாமாக்கி இருந்தார் இயக்குநர் நிக்கலஸ் ஹைட்னர். எங்கு பார்த்தாலும் சிப்பாய்கள். புதுசாகக் கல்யாணமான இருவர் அந்த இடத்தில் என்ன பேச முடியும் என்று மேடை அமைப்பே கேட்டுவிடுகிறது.

முதலில் சொன்ன அந்தச் சாத்திய கதவுக்கு வருகிறேன். நீ எனக்கு உண்மையாக இல்லை என்கிறான். அவள் கேட்கிறாள்: யாருக்கு உண்மையாக இல்லை? யாரோடு? எப்படி? நாடகத்திலேயே அறிவுள்ள கேள்விகள் இவை. ஒரு பெயரைச் சொன்னால் போதும். அவன், போ, போ, போ என்று அழுகிறான். நான் அறியாமல் செய்த பாவம் என்ன என்று மறுபடி கேட்கிறாள். என்ன செய்தாயா, என்ன செய்தாயா என்று அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு கத்துகிறான். கடைசிவரை காசியோ பெயர் வாயில் வரவில்லை. வராது. ஏனென்றால் அன்றைக்கே, இந்தக் காட்சிக்கு முன்பே, இன்று ராத்திரி அவளைக் கொல்வது என்று தீர்மானித்தாகிவிட்டது. தீர்ப்பு எழுதிய பிறகு நடக்கும் விசாரணை. சற்று முன் எமிலியாவை விசாரித்தபோது அவள், என் எஜமானி சுத்தம் என்று சத்தியம் செய்கிறாள். இவளும் உடந்தை என்று அதையும் தள்ளிவிட்டான்.

எமிலியாவை விட்டுவிட்டு இந்த நாடகத்தில் குருட்டுத் தம்பதியைப் பற்றிப் பேசவே முடியாது. கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்துத் தன் புருஷன் இயாகோவிடம் கொடுத்தவள் அவள்தான். அவன் பல தடவை கேட்டிருக்கிறான், ஒரு தடவையாவது அவன் முகம் மலரட்டும் என்று. எதற்கு என்று கேட்கிறாள், உனக்கெதற்கு என்கிறான். முக்கியமான காரியம் இல்லையென்றால் திருப்பிக் கொடு, பாவம் அந்தம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறாள். போ என்கிறான், போய்விடுகிறாள். டெஸ்டிமோனா அதைத் தேடித் தவிக்கும்போது, எனக்குத் தெரியாதம்மா என்கிறாள். நான்காம் அங்கத்தில், யாரோ ஒரு அயோக்கியன் பதவிக்காக இந்தப் பழியைக் கிளப்பியிருக்கிறான், இல்லாவிட்டால் என்னைத் தூக்கில் போடுங்கள் என்று சீறுகிறாள். அச்சு அசலாக உண்மை. சொல்லும்போது அந்த அயோக்கியன் அவள் பக்கத்திலேயே நிற்கிறான், சே, அப்படி ஒரு ஆளும் இருப்பானா என்கிறான். ஊரில் ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்தவளுக்கு வீட்டில் இருப்பவன் தெரியவில்லை.

கணவன்மார் தவறினால் மனைவிகளும் தவறுவார்கள், எங்களுக்கும் கண்ணும் மூக்கும் நாக்கும் உண்டு என்று படுக்கையறையில் டெஸ்டிமோனாவிடம் பேசுவாளே, அந்தப் பேச்சு 1622இல் அச்சான முதல் பதிப்பில் இல்லை. அடுத்த வருஷம் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு இல்லாமல் எமிலியாவை எப்படி நடித்தார்களோ, என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசி ராத்திரி, கட்டிலில், விளக்கு வெளிச்சத்தில், ஒருவழியாகப் பெயரைச் சொல்கிறான்: என் கைக்குட்டையைக் காசியோவுக்குக் கொடுத்தாய். அவள் பதில் உடனே வருகிறது. ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கோ கண்டெடுத்திருப்பார். இது முந்தைய நாள் நடந்திருக்க வேண்டிய பேச்சு. காசியோ ஒப்புக்கொண்டான் என்கிறான் கணவன். அவர் அப்படிச் சொல்லமாட்டார் என்கிறாள். இனி சொல்லமாட்டான், அவன் வாயை அடைத்தாகிவிட்டது என்கிறான். ஐயோ, அவரைக் கெடுத்துவிட்டார்களே, நானும் தொலைந்தேன் என்று அழுகிறாள். இந்த நிமிஷத்திலும் அவளுக்கு எப்போது எந்தப் பேச்சைப் பேசுவது என்று தெரியவில்லை. என் முகத்துக்கு நேரேயே அவனுக்காக அழுகிறாயா என்று அவன் வெறிகொள்கிறான். மூச்சு நிற்கும் முன் எமிலியா வந்து யார் செய்தது என்று கேட்கும்போது, யாருமில்லை, நானே என்று ஒரு பொய் சொல்லிவிட்டுச் சாகிறாள். அந்தப் பொய்யையும் அவன் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொள்கிறான். பொய் சொல்லி நரகத்துக்குப் போனாள், கொன்றது நான்தான் என்கிறான்.

உண்மையைக் கக்குவது எமிலியா. உன் புருஷன்தான் சொன்னான் என்று ஒதெல்லோ சொல்ல, என் புருஷனா, என் புருஷனா என்று மறுபடி மறுபடி கேட்டுவிட்டு, அதற்கப்புறம் யார் அதட்டியும் வாயை மூடவில்லை. இயாகோ குத்திக் கொல்கிறான். எல்லோரையும் அளந்து வைத்திருந்த அவனுக்கு, பெண்டாட்டி பேசுவாள் என்று மட்டும் தோன்றவே இல்லை.

காசியோ சாகவில்லை, காலில்தான் வெட்டு. நாற்காலியில் தூக்கி வருகிறார்கள். இயாகோவைப் பிடித்துவிட்டார்கள். என்னை ஏன் இப்படி வலையில் சிக்கவைத்தான் என்று அந்தப் பாதிப் பிசாசைக் கேளுங்கள் என்று காசியோவிடம் சொல்கிறான் ஒதெல்லோ. அதையும் நேரே கேட்கவில்லை பாருங்கள். இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று இயாகோ வாயை மூடிக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான், நாடகம் முடியப் போகும் நேரத்தில், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறான்: காசியோ, என் மனைவியின் கைக்குட்டை உனக்கு எப்படிக் கிடைத்தது? என் அறையில் கிடந்தது என்கிறான் காசியோ, இயாகோதான் போட்டானாம், இப்போதுதான் ஒப்புக்கொண்டான். முட்டாள், முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொள்கிறான் ஒதெல்லோ.

குத்திக்கொள்வதற்கு முன் ஒரு நீண்ட உரை. அதில் டெஸ்டிமோனா ஒரு முத்தாக மட்டும் வந்துபோகிறாள். மீதியெல்லாம் தன்னைப் பற்றி, தன் சேவையைப் பற்றி, அலெப்போவில் ஒரு துருக்கியனைக் கொன்ற இன்னொரு யுத்தக் கதை. 1904இல் பிராட்லி என்ற விமர்சகர் இந்த மனிதனின் மேன்மையைக் கண்டு உருகினார். 1927இல் கவிஞர் எலியட், இவன் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான் என்று எழுதினார். நான் எலியட் கட்சி. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள். "பாவம் மேடம், அவனே சாகப் போறான்" என்கிறார்கள். அவளுக்கு ஒரு உரையும் கிடைக்கவில்லையே என்றால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அதான் எமிலியா பேசிட்டாங்களே" என்கிறான். அதுவும் சரிதான்.